ராப்ஸ் ஹவாய்: பாத்துட்டு எல்லாரும் கேக்கற கேள்விகள்

முதல்ல ஒரு சின்ன முன்கதை. 1982ல ஹவாய் லோக்கல் டிவில ராப்ஸ் ஹவாய்னு ஒரு ஸ்கெட்ச் காமெடி ஸ்பெஷல், அதாவது சின்னச் சின்ன காமெடிக் காட்சிங்க சேந்த நிகழ்ச்சி, வந்துச்சு. நான் ஹொனலூலுல 4 வருஷம் இருந்தேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைப் போட்டாங்க, அவங்க திரையைப் பாக்கவே இல்ல, வாயாலயே கூடச் சேந்து எல்லா வசனமும் சொல்லிட்டு இருந்தாங்க, ஒரு வார்த்தை மிஸ் ஆகல. எனக்கு அன்னைக்கு கால்வாசி கூட புரியல. ஆனா ஒரு மனுஷன் பேசினதை ஒரு ஊரே இப்படி மனப்பாடமா வெச்சிருக்குன்னா அதுல ஏதோ பெரிய விஷயம் இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் இதை யாருக்கு போட்டுக் காட்டினாலும் அதே கேள்விங்க தான் வருது, அதான் எனக்குத் தெரிஞ்ச பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

யாரு இந்த ராப் ரைப்ளிங்கர்?

முழுப் பேரு ஜேம்ஸ் கவிகா பிஇமௌனா ரைப்ளிங்கர், ஊருக்கே ராப். 1950ல பொறந்தவர், ஹொனலூலு புனாஹோ ஸ்கூல்ல படிச்சவர். 1970கள்ல ஜேம்ஸ் கிராண்ட் பென்டன், எட் கஆஹெயா ரெண்டு பேரோட சேந்து பூகா பூகான்னு ஒரு காமெடி குழுவா மேடை ஏறினாங்க. ஹொனலூலு டவுன்டவுன்ல டெரிடோரியல் டேவர்ன்னு ஒரு இடம், அங்க தான் கூட்டம் அள்ளுச்சு. மூணு பேருமே வெறும் ஜோக் சொல்றவங்க இல்ல, நடிப்புல ஊறினவங்க. இதுல பென்டன் 1974லயே ஷேக்ஸ்பியரோட ட்வெல்ஃப்த் நைட்டை அப்படியே ஹவாய் பேச்சு வழக்குக்கு மாத்தி ட்வெல்ஃப் நைட் ஓ வாட்டெவான்னு நாடகமா எழுதினவர். அந்தப் பேரைக் கேட்டாலே அந்த ஆளுங்களோட தைரியம் தெரியும்.

அப்புறம் ராப் தனியா வந்து 1978ல போய் டாக்னு ஒரு காமெடி ஆல்பம் போட்டார். போய்ங்கறது சேப்பங்கிழங்கை வேகவெச்சு இடிச்சுப் பண்ற ஹவாய் சாப்பாடு, போய் டாக்னா கலப்பின நாய், அதையே பல ரத்தம் கலந்த மனுஷங்களும் தங்களைப் பத்தி பாசமா சொல்லிக்குவாங்க. ஆல்பத்தோட பேர்லயே ஊரோட கதை இருக்கு. அந்த ஆல்பத்துக்கு 4 வருஷம் கழிச்சு வந்தது தான் இந்த டிவி ஸ்பெஷல்.

பாதி வார்த்தை புரியல. இது கொச்சை இங்கிலீஷா, இல்ல ஹவாய் மொழியா?

ரெண்டும் இல்ல. இந்தக் கேள்விக்கு கொஞ்சம் பொறுமையா பதில் சொல்லணும், ஏன்னா இதைப் புரிஞ்சிக்காம மீதி எதுவும் புரியாது.

இதுக்குப் பேரு பிட்ஜின். பேரு தான் பிட்ஜின், மொழியியல்காரங்க கணக்குல இது கிரியோல், அதாவது குழந்தைங்களுக்குத் தாய்மொழியா ஆயிட்ட கலப்பு மொழி. கரும்புத் தோட்டத்துல பொறந்தது. வேலைக்கு ஆள் வேணும்னு தோட்ட முதலாளிங்க 1852லேருந்து சீனாலேருந்து ஆள் கொண்டு வந்தாங்க, 1878ல போர்ச்சுகீசியர், 1885ல ஜப்பானியர், 1900ல போர்ட்டோ ரிக்கோக்காரங்க, 1903ல கொரியர், 1906ல ஃபிலிப்பினோக்கள். அங்க ஏற்கனவே ஹவாய் பூர்வகுடிங்க இருந்தாங்க, அவங்க மொழி இருந்துச்சு. இவ்ளோ பேரும் ஒரே வயல்ல நிக்கறப்ப எப்படிப் பேசிக்குவாங்க? முதல்ல ஹவாய் மொழியை வெச்சு ஒரு ஒட்டுப் பேச்சு, அப்புறம் போகப்போக இங்கிலீஷை வெச்சு ஒண்ணு. அந்தத் தோட்டத்து லைன் வீடுகள்ல பொறந்த குழந்தைங்க ஒண்ணா விளையாடி அதை ஒரு முழு மொழியா ஆக்கிட்டாங்க. பெரியவங்க தட்டுத்தடுமாறிப் பேசினதை பசங்க இலக்கணத்தோட பேசினாங்க. இந்த ஒரு விஷயத்தை நெனச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்ப்பா இருக்கு.

இலக்கணம்னு சும்மா சொல்லல. ஐ வென் ஈட்னா சாப்ட்டேன். ஐ ஸ்டே ஈட்னா சாப்ட்டுட்டு இருக்கேன். ஐ கோயின் ஈட்னா சாப்பிடப் போறேன். கெட் ஒன் டாக் அவுட்சைட்னா வெளில ஒரு நாய் இருக்கு, இல்லைன்னா நோ மோர். வினைச்சொல்லை மாத்தவே மாத்தாது, முன்னாடி ஒரு சின்ன வார்த்தை வெச்சு காலத்தைக் காட்டிடும். மாத்திச் சொன்னா தப்புன்னு லோக்கல் ஆளுக்கு உடனே காது உறுத்தும். தப்பு சரி இருக்கற பேச்சை கொச்சைன்னு எப்படிச் சொல்றது?

இன்னொண்ணு, காதுல விழற ராகம். இங்கிலீஷ்ல ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வி கேட்டா கடைசில குரல் மேல போகும். பிட்ஜின்ல மேல ஆரம்பிச்சு கடைசில கீழ இறங்கும். அது ஹவாய் மொழிலேருந்து வந்த பழக்கம். முதல் தடவை கேக்கறப்ப கேள்வியா, சும்மா சொல்றாங்களான்னே தெரியாது. ராப் பேசறதுல பாதி அழகு இந்த ராகத்துல தான் இருக்கு, அதனால தான் எழுத்துல படிச்சா சப்புன்னு இருக்கும்.

சரி, பாக்கறதுக்கு முன்னாடி எந்த எந்த வார்த்தை தெரிஞ்சிருக்கணும்?

ஒரு பத்து பன்னெண்டு போதும்.

முதல்ல டா கைன். இது எல்லாத்துக்கும் பொருந்தும். பேரு ஞாபகம் வரலைன்னா டா கைன், சொல்ல வெக்கமா இருந்தா டா கைன், எதிர்ல இருக்கறவனுக்கு ஏற்கனவே தெரியும்னாலும் டா கைன். நாம அந்த இது இருக்குல்ல, அதான் அந்த இதுன்னு சொல்றோமே அதே தான். கேக்கறவனும் சொல்றவனும் ஒரே ஊர்க்காரனா இருந்தா மட்டும் தான் வேலை செய்யும், அதனால தான் லோக்கல் காமெடிக்கு இது உயிர்.

பம்பாய்னு காதுல விழும், ஊர் பேரு இல்ல, அப்புறமா, இல்லாட்டி அப்புறம் பாருன்னு அர்த்தம். குழந்தையை மிரட்ட அம்மாக்கள் நிறைய பயன்படுத்துவாங்க, ஓடாத, பம்பாய் விழுவ, அந்த மாதிரி. பாவ்னா முடிஞ்சுது, ஹவாய் வார்த்தை, வேலை முடிஞ்ச நேரம் பாவ் ஹானா. லோலோன்னா லூசு. ஓனோன்னா ருசி, ரொம்ப ருசின்னா ப்ரோக் டா மவுத், வாயே உடைஞ்சு போச்சு. ஸ்டிங்க் ஐன்னா மொறைக்கறது. சிக்கன் ஸ்கின்னா புல்லரிக்கறது. டாக் ஸ்டோரின்னா உக்காந்து கதை அடிக்கறது, இது அங்க நேரத்தை வீணாக்கறதுன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க, மரியாதையான ஒரு காரியம். லிடாட்னா அந்த மாதிரி. ட்ரைங்கற வார்த்தையைக் கவனிங்க, ட்ரை கம்னா வர முயற்சி பண்ணுன்னு இல்ல, கொஞ்சம் வாயேங்கற மாதிரி ஒரு பணிவு.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஹானாபாடா டேஸ். ஹானா ஜப்பானிய மொழில மூக்கு, பாடா இங்கிலீஷ் வெண்ணெய், மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச சின்ன வயசுன்னு அர்த்தம். ரெண்டு நாட்டு வார்த்தை ஒட்டி ஒரு குழந்தைப் பருவம்.

ரூம் சர்வீஸ் ஸ்கெட்ச்ல என்ன அப்படி காமெடி? ஒருத்தர் சாப்பாடு ஆர்டர் பண்றார், அவ்ளோ தானே?

அவ்ளோ தான். ஹோட்டல்ல தங்கி இருக்கற ஒரு மெயின்லேண்ட் ஆள், அதாவது அமெரிக்கப் பெருநிலத்துலேருந்து வந்தவர், பசியோட போன் பண்றார், ஒரு சீஸ்பர்கர் மாதிரி சாதாரண சாப்பாடு தான் கேக்கறார், அந்தப் பக்கம் எடுத்தவங்க அவர் பேரை ஃபிராக்ட்ரீன்னு வாங்கிக்கறாங்க, ஆர்டரைத் திருப்பிச் சொல்றாங்க, தப்பா சொல்றாங்க, இவர் திருத்தறார், மறுபடி முதல்லேருந்து. போய் டாக் ஆல்பத்துலயே வந்தது இது, டிவிக்கு வந்தப்ப ஏற்கனவே ஊருக்கே தெரியும். இன்னைக்கும் ஹவாய்ல ஃபிராக்ட்ரீன்னு சொல்லிப் பாருங்க, பக்கத்துல இருக்கறவர் அடுத்த வரியைச் சொல்லுவார்.

நிறைய பேரு இதை முட்டாள் ஊழியர் காமெடின்னு எடுத்துக்கறாங்க. அது தப்பான வாசிப்புன்னு நான் அடிச்சுச் சொல்வேன். 1959ல ஹவாய் அமெரிக்க மாநிலம் ஆச்சு, அதே சமயத்துல ஜெட் விமானம் வந்துச்சு, வைக்கிக்கி கடற்கரை பூரா ஹோட்டல் எழும்புச்சு, தோட்ட வேலைல இருந்த குடும்பங்களோட அடுத்த தலைமுறை அந்த ஹோட்டல்கள்ல ரூம் சுத்தம் பண்ணவும் சமையல்கட்டுல நிக்கவும் போச்சு. ஹவாய்ல யாரைக் கேட்டாலும் அவங்க வீட்ல ஒரு ஆன்ட்டியோ அங்கிளோ ஹோட்டல்ல வேலை பாத்திருப்பாங்க. நாள் பூரா விருந்தாளி பேசற இங்கிலீஷுக்கு இவங்க வளைஞ்சு கொடுக்கணும். இந்த ஸ்கெட்ச்ல முதல் தடவையா விருந்தாளி வளையறார். ரூம் சர்வீஸ் ஆளுக்கு அவசரமே இல்ல, கோவமும் இல்ல, எந்த இடத்துலயும் பயந்து போகல. பசில இருக்கறவன் தான் கெஞ்சறான். லோக்கல் ஆளுங்க சிரிக்கறது அந்த ஊழியரைப் பாத்து இல்ல, அவங்களோட சேந்து.

அடுத்த தடவை கேக்கறப்ப வார்த்தையை விட்டுட்டு நடுவுல விழற மௌனத்தை மட்டும் கேளுங்க. எங்க நிறுத்தறாருன்னு பாருங்க. ராப் நடிகர்ங்கறது அங்க தெரியும்.

ஆன்ட்டி மரியலானி நிஜமான ஆளா?

இல்ல, ராப் தான் அது. சமையல் நிகழ்ச்சி நடத்தற ஒரு ஹவாய் ஆன்ட்டி. டிவி சமையல் நிகழ்ச்சியோட அந்த இனிப்பான குரலை அப்படியே எடுத்து ஊர் ஆன்ட்டி உடம்புக்குள்ள வெச்சார். ஹவாய்ல வயசுல மூத்த எந்தப் பெண்ணையும் ஆன்ட்டின்னு தான் கூப்பிடுவாங்க, ரத்த சொந்தம் இருக்கணும்னு அவசியம் இல்ல, வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு தான் உள்ள போகணும், சாப்பிடாம அனுப்ப மாட்டாங்க. இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல, அதனாலயோ என்னவோ தமிழ் ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டறப்ப முதல்ல புரியறது மரியலானி தான்.

ஃபேட் யானகின்னா? விதியா?

விதி இல்ல, ஒரு பொண்ணு பேரு. பழைய காலத்துக் காதல் பாட்டு ஸ்டைல்ல வர்ற பாட்டு அது. பிட்ஜின்ல இங்கிலீஷோட மெல்லிய த சத்தம் ட ஆயிடும். அப்போ ஃபெய்த்ங்கற பேரு ஃபேட் ஆகும். யானகி ஜப்பானியக் குடும்பப் பேரு. ஃபெய்த் யானகின்னு ஒரு ஜப்பானிய வம்சத்துப் பொண்ணு உங்க கிளாஸ்ல இருந்தா ஹவாய் பசங்க எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படின்னு தான் நான் கேக்கறேன் அதை. ஒரே ஒரு பேரை வெச்சு ஒரு ஸ்கூலையே கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டாரு மனுஷன்.

இவங்க எல்லாரையும் ஹவாயன்னு சொல்லலாமா?

தயவு செஞ்சு வேணாம். ஹவாயன்னா பூர்வகுடி ரத்தம் உள்ளவங்க மட்டும். அந்தத் தீவுலயே பொறந்து வளந்த ஜப்பானிய, ஃபிலிப்பினோ, போர்ச்சுகீசிய, சீனக் குடும்பத்து ஆளுங்க லோக்கல். வெள்ளைக்காரங்களுக்கு ஹாவ்லேன்னு ஒரு வார்த்தை இருக்கு, சொல்ற குரலைப் பொறுத்து சும்மா அடையாளமாவும் இருக்கும், திட்டாவும் இருக்கும். அதனால இந்த வகை நிகழ்ச்சிக்கு சரியான பேரு லோக்கல் காமெடி. ராஜ்ஜியத்தை இழந்து, நிலத்தை இழந்து, 1896 சட்டத்தால பள்ளிக்கூடத்துலேருந்து மொழியும் வெளிய தள்ளப்பட்ட ஒரு ஜனத்தோட பேரை எல்லாருக்கும் பொதுவா போட்டுடக் கூடாதுன்னு அங்க ரொம்ப கவனமா இருப்பாங்க, அது நியாயமும் கூட.

ஒவ்வொரு இனத்தையும் கிண்டல் பண்றாங்களே, இது தப்பில்லையா?

இந்தக் கேள்விக்கு நான் வழவழன்னு பதில் சொல்ல விரும்பல.

ஹவாய்ல எந்த இனத்துக்கும் பாதிக்கு மேல ஆள் கிடையாது. தோட்டத்து நாள்லேருந்து ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணித்தான் சேந்து வாழ்ந்தாங்க, பக்கத்து வீட்டுக்காரனை அவன் சாப்பாட்டை வெச்சுக் கேலி பண்ணிட்டு அதே சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடறது. ஃப்ராங்க் டி லிமான்னு ஒரு பெரிய காமெடியன், தன்னோட போர்ச்சுகீசிய இனத்தைத் தான் முதல்ல வாருவார். பாதிரியார் ஆகப் படிச்சவர் அவர், பல வருஷமா ஸ்கூல் ஸ்கூலா போய் பசங்களைப் படிங்கடான்னு சொல்லிட்டு இருக்கறவர். அவர் மனசுல வெறுப்பு இருக்குன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா எல்லாரும் எல்லாரையும் சமமா கிண்டல் பண்றாங்கங்கற வாதத்தை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கூட்டமா கடைசியா வந்தவங்க ஃபிலிப்பினோக்கள், தோட்டத்துல கீழ்ப்படில வெக்கப்பட்டவங்களும் அவங்க தான், அவங்க உச்சரிப்பையும் சாப்பாட்டையும் வெச்சு வந்த ஜோக்குங்க தான் எண்ணிக்கைல ஜாஸ்தியா இருந்துச்சு. ஸ்கூல்ல அந்த ஜோக்கைக் கேட்டு தலையைக் குனிஞ்சு உக்காந்த பசங்க இருக்காங்க. ஹவாய் ஃபிலிப்பினோ ஆராய்ச்சியாளர்களே இதை விரிவா எழுதியிருக்காங்க, நாமளே நம்மளப் பாத்து சிரிச்சுக்கறோம்னு சொல்றப்ப அந்த நாம யாருன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி சரியான கேள்வி. பழைய லோக்கல் காமெடில சிலதை நான் இப்ப பாதில நிறுத்திடுவேன்.

ராப்கிட்ட நான் திரும்பத் திரும்பப் போறதுக்குக் காரணமும் இது தான். அவரோட நல்ல ஸ்கெட்ச்கள்ல ஆள் சிரிப்புக்கு உரியவரா இருக்கறது அவர் இனத்தால இல்ல, அவர் குணத்தால. ரூம் சர்வீஸ்ல இருக்கறவங்க என்ன இனம்னு உங்களால சொல்ல முடியுமா? நிதானம் தான் அவங்க குணம். மரியலானிக்கு தன் மேல இருக்கற நம்பிக்கை. இனம் போட்டுப் பாத்தா ஜோக், குணம் போட்டுப் பாத்தா கேரக்டர். 40 வருஷம் தாண்டி நிக்கறது கேரக்டர் தான்.

ஒரு காமெடி ஷோ தானே, ஏன் ஊர்க்காரங்க இதுக்கு இப்படி உருகறாங்க?

ஏன்னா அந்தப் பேச்சுக்காக அவங்க அப்பா அம்மா அவமானப்பட்டாங்க.

1924லேருந்து ஹவாய்ல இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் ஸ்கூல்னு ஒரு ஏற்பாடு. அரசுப் பள்ளி தான், ஆனா உள்ள போகணும்னா இங்கிலீஷ் வாய்மொழித் தேர்வு. சின்னக் குழந்தையை உக்கார வெச்சுப் பேசச் சொல்லுவாங்க, பிட்ஜின் வாடை அடிச்சா வெளில. வெள்ளைக்காரப் பசங்க பெரும்பாலும் உள்ள, தோட்டத்துப் பசங்க பெரும்பாலும் வெளில. ஹொனலூலு ரூஸ்வெல்ட் ஹைஸ்கூல் அப்படி இருந்த ஒண்ணு. 1940களோட கடைசில கைவிட ஆரம்பிச்சு, 1960 வாக்குல தான் முழுசா தீந்துச்சு. அப்போ ராப்புக்கு 10 வயசு. பூகா பூகாவைப் பாக்க வந்த கூட்டத்துல பல பேரோட அப்பா அம்மா அந்தத் தேர்வுல தோத்தவங்களா இருந்திருப்பாங்க. ஃபேட் யானகிங்கற அந்தப் பேரை, அந்த ட சத்தத்தை, பாட்டா எடுத்துப் பாடறது அந்த ஜனங்க காதுல எப்படி விழுந்திருக்கும்னு யோசிங்க.

டிவியையும் சேத்துப் பாக்கணும். 1968லேருந்து 1980 வரைக்கும் ஹவாய் ஃபைவ் ஓ, அது முடிஞ்ச கையோட மேக்னம் பி.ஐ. ரெண்டும் அங்கயே எடுத்த தொடர் தான், உலகம் பூரா ஹவாயைத் தெரிஞ்சிக்கிட்டது அதுல தான், ஆனா கதாநாயகன் மெயின்லேண்ட் ஆள், லோக்கல் ஆள் பக்கத்துல நிக்கறவர், இல்லாட்டி துரத்தப்படறவர். சொந்தக் கடற்கரை திரைல தெரியும், சொந்தக் குரல் கேக்காது. அந்த நாள்ல திரை பூரா தன் ஊர்ப் பேச்சோட ஒரு மணி நேரம் வந்தா வீட்ல என்ன நடந்திருக்கும்? என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க, அவங்க அப்பா அதுவரைக்கும் டிவி முன்னாடி சத்தமா சிரிச்சு அவங்க பாத்ததே இல்லையாம்.

காலமும் அப்படி. 1970கள்ல ஹவாய் மறுமலர்ச்சின்னு சொல்லுவாங்க, 1976ல ஹோகுலேஆங்கற இரட்டை ஓடம் கருவி எதுவும் இல்லாம நட்சத்திரத்தையும் அலையையும் பாத்தே தஹிதி வரைக்கும் போச்சு, 1978ல ஹவாய் மொழி மறுபடி மாநில ஆட்சிமொழி ஆச்சு. 1981ல பிட்ஜின் டு டா மேக்ஸ்னு ஒரு படம் போட்ட வேடிக்கை அகராதி வந்து வீட்டுக்கு வீடு போச்சு. அடுத்த வருஷம் ராப்ஸ் ஹவாய். பூர்வகுடி மொழியோட மீட்சி ஒரு பக்கம், தோட்டத்துப் பேச்சோட தலை நிமிர்வு இன்னொரு பக்கம், ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா ஒரே காத்து ரெண்டுலயும் அடிச்சுது.

சண்டை அதோட முடியல. 1987ல மாநிலக் கல்வி வாரியம் வகுப்புல பிட்ஜின் கூடாதுன்னு கொள்கை கொண்டு வரப் பாத்துச்சு, பெரிய எதிர்ப்பு, கடைசில தடையா இல்லாம ஆசிரியர்கள் நல்ல இங்கிலீஷ் பேசிக் காட்டணும்னு மென்மையாக்கினாங்க. 2000ல புதிய ஏற்பாடு டா ஜீசஸ் புக்னு பிட்ஜின்ல வந்துச்சு. 2015ல அமெரிக்க மக்கள்தொகை அலுவலகமே வீட்ல பேசற மொழிப் பட்டியல்ல ஹவாய் பிட்ஜினைச் சேத்துச்சு.

லோக்கல் காமெடில ஏன் எப்பப் பாத்தாலும் எந்த ஹைஸ்கூல்னு கேக்கறாங்க?

நிஜ வாழ்க்கைலயும் கேப்பாங்க. ரெண்டு லோக்கல் ஆளு சந்திச்சா எந்த ஸ்கூல்ல க்ராட் பண்ணின்னு தான் ரெண்டாவது வரி. ஸ்கூல் பேரு தெரிஞ்சா எந்தப் பகுதி, பணம் இருக்கற குடும்பமா, யாரு ரெண்டு பேருக்கும் பொதுவா தெரிஞ்சவங்க, எல்லாம் தெரிஞ்சிடும். புனாஹோ 1841ல மிஷனரிங்க ஆரம்பிச்சது, வசதியானவங்க ஸ்கூல்னு பேரு, ஒபாமா 1979ல படிச்சு முடிச்சதும் அங்க தான். கமேஹமேஹா ஹவாய் பூர்வகுடிக் குழந்தைங்களுக்காக 1887ல ஆரம்பிச்சது. ஃபேரிங்டன்னு சொன்னா கலிஹி பக்கம், உழைக்கற ஜனம்.

சிலர் இதை வெச்சே ராப் புனாஹோ ஆளாச்சே, அவருக்கு எப்படி இந்தப் பேச்சு சொந்தம்னு கேப்பாங்க. ஊர் ஏற்கனவே பதில் சொல்லிடுச்சு, அவர் வரியை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறதே கலிஹி ஆளுங்க தான்.

சாதத்தோட மக்ரோனி சாலட் வெச்சு சாப்பிடறாங்களே?

ப்ளேட் லஞ்ச். ரெண்டு கரண்டி சாதம், ஒரு கரண்டி மக்ரோனி சாலட், பக்கத்துல கறி. தோட்டத்துல ஜப்பானியர் கொண்டு போன மதியச் சாப்பாட்டு டப்பாலேருந்து வளந்தது. சாதம் கட்டாயம்.

ராப் எப்படி இறந்தார்?

1984 ஜனவரில, 33 வயசுல. ராப்ஸ் ஹவாய் வந்து ரெண்டு வருஷம் கூட ஆகல. அந்த முடிவோட விவரத்தை நோண்டறது எனக்குப் புடிக்கல, கேக்கறவங்களுக்கும் இதையே தான் சொல்றேன். அவர் செஞ்சு வெச்சுட்டுப் போனது மொத்தமும் சில மணி நேரம் தான் வரும், அதை ஒழுங்கா கேட்டா போதும்.

அவருக்கு அப்புறம் யாரு?

ஆண்டி புமதாய் அவர் காலத்து ஆளு தான், ஆல் இன் தி ஓஹானான்னு ஒரு டிவி ஸ்பெஷல்ல ஒரு லோக்கல் குடும்பத்துல இருக்கற ஆளுங்களா அவரே மாறி மாறி வருவார், கண்டிப்பா பாருங்க. அப்புறம் டெய்லி பிட்ஜின்னு யூடியூப்ல ஒரு நேரத்துக்கு ஒரு வார்த்தை எடுத்து விளக்கியிருக்கார், மொழி கத்துக்கணும்னா அது தங்கம்.

2000களோட ஆரம்பத்துல டா பிராடாஸ், டோனி சில்வாவும் ஜேம்ஸ் ரோஷேயும், ஓசி16ங்கற லோக்கல் கேபிள் சேனல்ல ஸ்கெட்ச் ஷோ பண்ணாங்க. அப்போ வளந்த பசங்களுக்கு ராப் அப்பாவோட ஆளு, டா பிராடாஸ் தான் இவங்க ஆளு. யாரு பெருசுன்னு இந்த ரெண்டு கூட்டமும் அடிச்சுக்கறதை நான் நிறைய கேட்டிருக்கேன். வேகம், உடம்பு மொழி, வேஷம் போட்டு அள்ளறதுல டா பிராடாஸ் பெருசு. நிறுத்தி, காக்க வெச்சு, ஒரே குரல்ல ஒரு ஆளோட முழு வாழ்க்கையைக் காட்டறதுல ராப் தான், இதுல நான் மாற மாட்டேன். ஆகி டின்னு இன்னொருத்தர், மேடையைப் பல வருஷம் ஆண்டுட்டு 2020 தேர்தல்ல ஜெயிச்சு ஹொனலூலு நகர மன்றத்துக்கே போயிட்டார்.

நான் ஹவாய் போறேன், பிட்ஜின்ல ரெண்டு வார்த்தை பேசி அசத்தலாமா?

வேணாம். நானும் 4 வருஷம் இருந்தேன், கடைசி வரைக்கும் பேசல, கேட்டேன். வெளியாள் நாலு வார்த்தை பொறுக்கிட்டுப் போய்ப் பேசறது அவங்களை நடிச்சுக் காட்டற மாதிரி ஆயிடும், அந்த இங்கிலீஷ் தேர்வுல தோத்த குடும்பங்களுக்கு அது எப்படி இருக்கும். பாவ், ஓனோ, நன்றி சொல்ற மஹாலோ இதெல்லாம் ஊரே சொல்றது, பரவால்ல. இலக்கணத்தை மட்டும் அவங்களுக்கு விட்டுடுங்க.

நம்ம ஆளுங்க நிறைய பேரு ஹவாய் போறதே காவாய் தீவுல இருக்கற சைவ ஆதீனத்துக்காகத் தான், 2023ல கும்பாபிஷேகம் ஆன இறைவன் கோயிலைப் பாக்க. போனா அந்தப் பக்கமே லோக்கல் கடைல ஒரு ப்ளேட் லஞ்ச் வாங்கிட்டு உக்காந்து சுத்தி இருக்கறவங்க டாக் ஸ்டோரி பண்றதைக் கேளுங்க. சைவமா எதுவும் இல்லைன்னா வெறும் சாதம் கேளுங்க, மக்ரோனி சாலட்ல பெரும்பாலும் முட்டை சேந்த மயோனைஸ் இருக்கும்.

எதுலேருந்து ஆரம்பிக்கறது? சப்டைட்டில் உண்டா?

சப்டைட்டில் தேடாதீங்க, கிடைச்சாலும் அந்த ராகத்தை எழுத்துல புடிக்க முடியாது. நான் சொல்ற வரிசை இது. முதல்ல போய் டாக்ல இருக்கற ரூம் சர்வீஸ், வெறும் ஆடியோ, கண்ணை மூடிட்டு ரெண்டு தடவை. முதல் தடவை ஹோட்டல்ல தங்கி இருக்கறவரா கேளுங்க, ரெண்டாவது தடவை போன் எடுக்கறவங்களா கேளுங்க. அதுக்கப்புறம் டிவி ஸ்பெஷல் முழுசா, முடிஞ்சா மரியலானியை யாராவது பெரியவங்க கூட உக்காந்து. ஃபேட் யானகியைக் கடைசில வெச்சுக்கோங்க, ஒரு தடவை கேட்டா ஒரு வாரம் வாயில ஓடும்.